தொலைக்காட்சிப் போட்டியில் ‘ஹாலலூயா’: எந்தக் கட்டை, எதை வெட்டுவது, ஆலாபனை சேர்க்கலாமா?

சாட்ஸ்வொர்த் மாமன்

டர்பனிலிருந்து எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகளுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே கோயில் வகுப்பில் தேவாரம், திருப்புகழ் பாடுகிறாள். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம்தான் என்பதால் உச்சரிப்பில் தொல்லை இல்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில், பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் முதல் சுற்றில் தேறிவிட்டாள். அடுத்த சுற்று ஜூலையில், ஜோஹானஸ்பர்க்கில், இசைக்குழுவோடு. நேரம் 90 விநாடி. லெனார்ட் கோஹனின் ‘ஹாலலூயா’தான் பாடுவேன் என்கிறாள்.

கோயிலில் அவளுக்கு 5 கட்டை. அதே சுருதியில் இதையும் பாடலாமா? கோஹனின் பதிவே நாலரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஜெஃப் பக்லி பாடியது ஏறக்குறைய 7 நிமிடம். எதை வைத்துக்கொண்டு எதை விடுவது? தொடக்கத்தில் கொஞ்சம் ஆலாபனையும், நடுவில் தமிழில் இரண்டு வரியும் சேர்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதோடு, படிவத்தில் மூன்று பாட்டுகளை வரிசைப்படுத்தி எழுதச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேரிபேங்க் கீபோர்டு

முதலில் சுருதி. 5 கட்டை வேண்டாம். தேவாரத்தில் மேல் சட்ஜம் தாண்டி மத்தியமம், பஞ்சமம் வரை போகிறோம், அதற்கு 5 கட்டை சரி. இந்தப் பாட்டின் வீச்சு அவ்வளவு இல்லை. கீழே பல்லவியின் முடிவு சட்ஜத்தில் இறங்கும். மேலே சரணத்தின் கடைசி வரி மேல் ஸ்தாயி காந்தாரம் வரை ஏறும். 5 கட்டையில், அதாவது ஜி மேஜரில், அந்த உச்சி பி4-தான். பெண் குரலுக்கு அது பேச்சைவிடக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. குரல் எங்குமே எழும்பாது. நடுவர் ஒருவர் ‘நன்றாக இருந்தது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்ல வழி செய்யும் சுருதி அது. 1 கட்டைக்கு ஏற்றினால், சி மேஜரில் உச்சி ஈ5. பயிற்சி பெறாத குரல் அதற்கு முன்பே, ஏ4-க்கும் சி5-க்கும் நடுவில் எங்கோ, நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்கு மாறும். மாறும் இடம் சரியாக அந்த ஏறும் வரியில் விழுந்தால் வரி இரண்டாகப் பிளந்து கேட்கும்.

ஆகவே 6 கட்டையிலிருந்து 7 கட்டைக்குள் தேடுங்கள். 6½, பி ஃபிளாட் மேஜரில் ஆரம்பித்துப் பாருங்கள். உச்சி டி5 ஆகும். சரணத்தின் கடைசி வரியை மட்டும் ஐந்து தடவை தொடர்ந்து, கத்தாமல் பாடச் சொல்லுங்கள். ஐந்தாவதில் கழுத்து நரம்பு தெரிந்தால் அரைக் கட்டை இறக்குங்கள். மாறாக, பல்லவியின் கடைசி சட்ஜம் வெறும் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். இதைக் காலையில் எழுந்தவுடன் சோதிக்கக் கூடாது. பதிவு நடக்கும் நேரத்தில், அநேகமாகப் பிற்பகலில், சோதிக்க வேண்டும்.

பாட்டின் உச்சி பல்லவியில் இல்லை, சரணத்தில் இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ‘ஹாலலூயா’ என்று திரும்பத் திரும்ப வரும் இடத்தை உச்சம் என்று நினைத்து அங்கே குரலைக் கொட்டிவிட்டு, ஏற வேண்டிய வரியில் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த வரிகளில் சொற்களே கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) பெயரைச் சொல்லிக்கொண்டு போகின்றன: நாலாவது, ஐந்தாவது, மைனர் இறக்கம், மேஜர் ஏற்றம். பக்கத்தில் கார்டும் அப்படியே மாறுகிறது. சொல்லும் சுரமும் ஒன்றாக நகரும் இந்த இடம்தான் பாட்டின் உயிர். அங்கே அலங்காரம் எதுவும் வைக்காதீர்கள்.

இனி வெட்டு. பாட்டு 6/8. நம் கணக்கில் திஸ்ர நடை, ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, இரண்டு தட்டு. சரணம் 16 பார், பல்லவி 8 பார். நிமிடத்துக்கு 56 தட்டு வேகத்தில் ஒரு சரணமும் பல்லவியும் சேர்ந்து 48 தட்டு, ஏறக்குறைய 51 விநாடி. இப்படி இரண்டு வைத்தால் 103 விநாடி, முன்னிசைக்கே இடமில்லை. எல்லோரும் செய்வது: முதல் சரணம், பல்லவி, பிறகு அரைகுறையாக இன்னொரு சரணம். அது எங்கும் போய்ச் சேராது. நான் சொல்வது: முன்னிசை 2 பார், முதல் சரணம் 16, பல்லவியை விட்டுவிட்டு நேரே கடைசிச் சரணம் 16, பிறகு பல்லவி 8. மொத்தம் 42 பார், 84 தட்டு. 56 வேகத்தில் சரியாக 90 விநாடி. கடைசிச் சுரத்தை நீட்ட இடம் வேண்டுமென்றால் 58 அல்லது 60 வையுங்கள். 60-இல் 84 விநாடி. 64-ஐத் தாண்டினால் சொற்கள் முட்டிக்கொள்ளும். முதல் பல்லவியை விடுவதால் ஒன்றும் கெடாது, ஏனென்றால் ஒவ்வொரு சரணமும் அதே சொல்லில்தான் முடிகிறது. கேட்பவருக்கு அது காதில் விழுந்துவிடும்.

எந்தக் கடைசிச் சரணம் என்பது முக்கியம். 1984-இல் வந்த கோஹனின் பதிவில் நான்கு சரணம். 1991-இல் ஜான் கேல் பாடியபோது முதல் இரண்டை வைத்துக்கொண்டு, கோஹன் எழுதி வைத்திருந்த வேறு மூன்றைச் சேர்த்தார். 1994-இல் பக்லி கேலின் வரிசையைத்தான் பின்பற்றினார். ஆக இரண்டு வெவ்வேறு முடிவுகள் புழக்கத்தில் உள்ளன. கேல், பக்லி முடிவு கசப்பானது. கோஹனின் 1984 முடிவு, எல்லாம் தவறிப்போனாலும் இசையின் இறைவன் முன் நின்று இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன் என்கிறது. பதிகம் பாடி வளர்ந்த பெண்ணுக்கு அதுதான் பொருந்தும். நடுச் சரணங்களில் படுக்கையறைப் பேச்சு இருக்கிறது. 16 வயதுப் பெண் குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் பாட வேண்டியதில்லை. இணையத்தில் கிடைக்கும் வரிகள் பெரும்பாலும் இரண்டையும் கலந்து போட்டிருப்பார்கள், பார்த்து எடுங்கள்.

இன்னொன்று: மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லை ‘யூ’ என்று திருத்தமாகப் பாடக் கூடாது. ‘யா’ என்றால்தான் ‘ஹாலலூயா’வோடு இயையும். பள்ளி ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைகள்தான் இதில் சறுக்குவார்கள்.

---

பீனிக்ஸ் பாட்டு வாத்தியார்

மேரிபேங்க் தம்பி சொன்ன வெட்டு சரி. ஆனால் பாட்டையே ஒரு தடவை யோசியுங்கள், மாமா. 2008-இல் மட்டும் அமெரிக்கன் ஐடல் போட்டியில் ஜேசன் காஸ்ட்ரோ இதைப் பாடினார். அதே வருடம் பிரிட்டனில் அலெக்சாண்ட்ரா பர்க் இதைப் பாடி எக்ஸ் ஃபாக்டரில் வென்றார். அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் பிரிட்டிஷ் பட்டியலில் பர்க் முதலிடம், பக்லி இரண்டாமிடம், கோஹனே 36-ஆவது இடம். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த நடுவரும் இந்தப் பாட்டைப் புதிதாகக் கேட்டதில்லை. முதல் கார்டு விழும்போதே மனத்துக்குள் இன்னொருவரின் குரல் ஓட ஆரம்பித்துவிடும். அவள் பாடுவதை அதோடு ஒப்பிட்டுத்தான் கேட்பார்கள்.

பாட்டை மாற்றச் சொல்லவில்லை. மனம் ஒட்டிய பாட்டைப் பிடுங்கினால் அடுத்ததில் பாதிக் குரல்தான் வரும். ஆனால் ‘வேறுமாதிரி செய்ய வேண்டும்’ என்று கண்டபடி கிளறாதீர்கள். துள்ளல் பாட்டைப் பியானோவோடு மெதுவாகப் பாடுவது ஒரு காலத்தில் எடுபட்டது. ‘மேட் வேர்ல்ட்’ 1982-இல் சின்தசைசர் பாட்டு. 2001-இல் மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் அதை மெதுவான பியானோவுக்கு இறக்கினார்கள். 2009-இல் ஆடம் லாம்பர்ட் அந்த வடிவத்தைப் போட்டி மேடைக்குக் கொண்டுபோனார். இன்று ஒவ்வொரு பருவத்திலும் யாராவது அதையே செய்கிறார்கள். ‘ஹாலலூயா’ ஏற்கெனவே மெதுவான பாட்டு, அந்த வித்தைக்கும் வழியில்லை. ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும். மாற்ற வேண்டிய அந்த ஒன்று அவளிடமே இருக்கிறது: ஆலாபனை.

ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். முன்னிசை 2 பார் என்றால் நாலு விநாடி. அதில் ராகத்தின் முகம்கூடத் தெரியாது. நீட்டினால் நேரம் போகும். இரண்டு சரணங்களுக்கும் நடுவில் வையுங்கள். முதல் சரணத்தின் கடைசி இரண்டு பார் மைனர் கார்டில் நிற்கும். அதற்குள் ஓர் அகாரப் பிடி, அதாவது சொல் இல்லாமல் ‘ஆ’ என்று பாடும் சிறு துணுக்கு, நாலு விநாடி. பாட்டு மேஜரில் இருப்பதால் ராகம் சங்கராபரணம்தான். ஆனால் அந்த மைனர் கார்டு தைவதத்தில் நிற்கிறது. அதன் சுரங்கள் தைவதம், சட்ஜம், காந்தாரம். பிடி எப்படிப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றில் இறங்க வேண்டும். நிஷாதத்திலோ மத்தியமத்திலோ நின்றால் குழுவோடு இடிக்கும். மேல் காந்தாரத்தை இங்கே தொடவே கூடாது. அது சரணத்தின் கடைசி வரிக்காக வைத்த சுரம்.

இன்னொரு முக்கியமான இடம். சரணத்தின் கடைசி வரியில் ஒரு கார்டு ராகத்துக்கு வெளியே போகிறது. சி மேஜரில் சொன்னால் ஈ செவன்த். அதில் ஜி ஷார்ப் இருக்கிறது. நமக்கு அது சுத்த தைவதம், பஞ்சமத்துக்கு அரைப்படி மேல். அந்தப் பாரில் பஞ்சமத்தை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் நாராசமாக இருக்கும். ஆகவே தம்பூரா ஒலியைப் பின்னால் ஓட விடலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அக்காவுக்கு ஆசை இருக்கலாம், ஆனால் ச-ப ஒலி அந்த ஒரு பாரில் பாட்டைக் கெடுத்துவிடும்.

தமிழ் வரிகள்: மொழிபெயர்ப்பது, புது வரி சேர்ப்பது இரண்டுக்கும் பாட்டின் பதிப்பு நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இருக்கும் பாட்டை இருந்தபடி ஒளிபரப்ப நிலையத்துக்கு இசை உரிமை அமைப்பான சாம்ரோ வழியாக உரிமம் இருக்கும். வரியை மாற்ற அது போதாது. அகாரத்தில் பாடுங்கள். சொல் இல்லாமலே எங்கிருந்து வந்த குரல் என்று தெரிந்துவிடும்.

---

ஒலிமேசை

டர்பனிலிருந்து போகிறவர்கள் மறக்கிற ஒன்றை முதலில் சொல்கிறேன். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைவு. ஜூலை அங்கே வறண்ட குளிர்காலம். இங்கே ஈரக்காற்றில் ஒரே மூச்சில் வந்த வரி அங்கே முக்கால் வழியில் நிற்கும், தொண்டையும் காயும். சரணத்தின் கடைசி வரி 4 பார், 56 வேகத்தில் எட்டரை விநாடி. அதை ஒரே மூச்சில் பாடத் திட்டமிடாதீர்கள். ஏறுவதற்கு முன் ஒரு மூச்சு, கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு குட்டி மூச்சு என்று இங்கேயே எழுதிப் பழகட்டும். என்3 சாலையில் காரில் போனால் ஹீட்டரை முகத்துக்கு நேரே திருப்பாதீர்கள். முடிந்தால் முதல்நாளே போய்விடுங்கள். தண்ணீரை மேடைக்கு ஐந்து நிமிடம் முன்பு குடித்துப் பயனில்லை. முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். ஆவி பிடிப்பது நல்லது.

அடுத்தது காந்தாரம். வாத்தியார் சொன்ன அந்த மேல் காந்தாரத்தில் கர்நாடகப் பழக்கம் உள்ள குரல் ஒரு நுட்பமான தவறு செய்யும். தம்பூராவோடு இழைந்து பழகிய அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே (அரைப்படியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஓடுகிற சுரமாக வந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு விநாடி நீட்டி நிறுத்தினால், கிட்டாரும் கீபோர்டும் கூடவே நிற்கும்போது, ‘கொஞ்சம் இறங்கிவிட்டது’ என்று நடுவர் சொல்வார். அவள் காதுக்கு அது சுத்தமாகவே இருக்கும், அதுதான் சிக்கல். மருந்து எளிது: இனிமேல் போட்டி வரைக்கும் இந்தப் பாட்டைத் தம்பூராவோடு பாடவே கூடாது. கீபோர்டில் மூன்று சுரக் கார்டைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் காந்தாரத்தை நீட்டிப் பாடி, போனில் பதிவு செய்து கேட்கட்டும். ட்யூனர் செயலியில் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துக்கொண்டால் கண்ணாலும் பார்க்கலாம். கமகமும் அப்படித்தான். மத்தியமத்தை அசைத்தே பழகிய தொண்டை, நாலாவது கார்டில் தானாக அசைக்கும். அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள காந்தாரமும் காதில் விழும், கார்டு கலங்கும். நடுவே வரும் அகாரப் பிடியில் மட்டும் அசைவு இருக்கட்டும். மற்ற இடத்தில் நேர்ச்சுரம். அப்போதுதான் அந்தப் பிடி தனித்துத் தெரியும்.

மைக்: கையில் பிடிக்கும் மைக்தான் தருவார்கள். உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம், மெதுவான முதல் சரணம் முழுவதும் அதே தூரம். உச்சியில் ஒரு சாண் விலக்க வேண்டாம். நாலு விரல் போதும், ஒலிமேசையில் இருப்பவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். தலைப்பகுதியைக் கையால் பொத்தினால் ஒலி மூக்கடைத்தது போலாகும், விசிலும் அடிக்கும். காதுக்குள் வைக்கும் மானிட்டர் கொடுத்தால் இரண்டு காதிலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றைக் கழற்றினால் அரங்கத்திலிருந்து தாமதமாக வரும் ஒலியும் சேரும், தாளம் பின்னால் இழுக்கும், மாட்டியிருக்கும் காதில் சத்தத்தைக் கூட்டச் சொல்லத் தோன்றும். ஒத்திகையில் ‘கீபோர்டு அதிகம், என் குரல் நடுத்தரம், டிரம் குறைவு’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். சும்மா ‘நன்றாக இருக்கிறது’ என்று தலையாட்டிவிட்டு வரும் பிள்ளைகள் நிகழ்ச்சியில் கத்துகிறார்கள்.

---

சாட்ஸ்வொர்த் மாமன்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று 6½-இல் பாடிப் பார்த்தாள். ஐந்து தடவையும் உச்சி வந்தது, நாலாவதிலிருந்து கொஞ்சம் கெட்டியாகக் கேட்டது. 6 கட்டைக்கு இறக்கவா? கடைசிப் பல்லவியை ஒரு சுருதி ஏற்றிப் பாடினால் எடுபடும் என்று பள்ளியில் ஒருவர் சொன்னாராம். படிவம் பற்றியும் சொல்லுங்கள்.

---

மேரிபேங்க் கீபோர்டு

6 கட்டை, ஏ மேஜர். யோசிக்க வேண்டாம். வீட்டில் நாலாவதில் கெட்டியானது மேடையில் முதலிலேயே கெட்டியாகும். உச்சி சி ஷார்ப் 5 ஆகும், போதுமான உயரம்தான்.

சுருதி ஏற்றம் வேண்டாம். வைட்னி ஹூஸ்டன் 1992-இல் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வில் ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்குப் போனார், 6 கட்டையிலிருந்து 7-க்கு. அதைத் தாங்குவதற்கு அதற்கு முன் ஒரு முழு நிறுத்தமும், பின்னால் பாட நிறைய இடமும் இருந்தது. உங்களுக்குப் பின்னால் இருப்பது 8 பார். இந்தப் பாட்டின் பல்லவி இறங்கி முடிவது. அதை ஏற்றினால் சொற்கள் ஒருபக்கம் இழுக்கும், சுருதி ஒருபக்கம் இழுக்கும். கடைசிப் பல்லவியில் முதல் நாலு பார் முழுக்குரல், அடுத்த நாலு பார் பாதியாகக் குறைத்து, கடைசிச் சட்ஜத்தில் குழுவை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

படிவத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரையும், யாருடைய வடிவத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். 2008-இல் அதே அமெரிக்கப் போட்டியில் டேவிட் குக் ‘பில்லி ஜீன்’ பாடியபோது, அது கிறிஸ் கார்னெல் ஏற்கெனவே செய்திருந்த வடிவம் என்பதால் பிறகு பெரிய விவாதமே நடந்தது. எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் விஷயத்தில்: ‘லெனார்ட் கோஹன், 1984 வடிவம், முதல் சரணமும் நாலாவது சரணமும்’.

மாற்றுப் பாட்டுகள் ஒப்புக்காக அல்ல. சில பாட்டுகளுக்கு உரிமையாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள். லெனன்-மெக்கார்ட்னி பாட்டுகளே அமெரிக்கப் போட்டிக்கு 2008-இல்தான் கிடைத்தன. கடைசி வாரத்தில் ‘உங்கள் முதல் பாட்டு இல்லை’ என்று தகவல் வரலாம். ஆகவே இரண்டாவதையும் முழுதாகத் தயார் செய்ய வேண்டும், அதுவும் வேறு தாளத்தில். மூன்றும் மெதுவான பாட்டாக இருந்தால் இவளுக்கு வேறு வராது என்று எடுத்துக்கொள்வார்கள். பிரெண்டா ஃபாஸியின் ‘வீக்கெண்ட் ஸ்பெஷல்’ (1983) இரண்டாவதாக இருக்கட்டும். அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்த நம் நாட்டுப் பாட்டு, வீச்சும் கடினமில்லை. குழுவுக்கு அதை வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அங்குள்ள இசை இயக்குநருக்கு ஒரு பக்கத்தில் கார்டு வரிசை அனுப்புங்கள்: 42 பார், ஒவ்வொரு பாரும் கட்டம் போட்டு, அகாரப் பிடி வரும் இரண்டு பாரில் ‘குரல் தனியாக, கீபோர்டு மட்டும்’ என்று குறித்து. கூடவே கீபோர்டு மட்டும் வாசித்த ஒரு பதிவும், அவள் பாடிய ஒரு பதிவும். வேகம் 58. கரோக்கி பதிவைச் சுருதி மாற்றி அனுப்ப நினைத்தால் மூன்று அரைப்படிக்கு மேல் நகர்த்தாதீர்கள், ஒலி உருக்குலைந்துவிடும். சுருதி என்ற இடத்தில் 6 கட்டை என்று எழுதிவிட வேண்டாம், அங்கே யாருக்கும் புரியாது. ஏ மேஜர் என்று எழுதுங்கள்.